ஜாடி வழித்த நாள்

அன்று காலை ஒன்பது மணி ஆகியும் ராஜநாயகம் வாத்தியார் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. டோரதியம்மாள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நின்று, "இன்னிக்கி நான் எதையும் தாளிக்கப் போறதில்ல. மத்தியானம் ஒரு உலை சோறு வைப்பேன், அவ்வளவுதான். யாராவது பலகாரம் கிலகாரம்னு வாயத் தொறந்தீங்க, வீட்ட விட்டே போயிடுவேன்" என்று பொதுவாக அறிவித்தாள். வாயைத் திறக்கிற நிலையில் யாரும் இல்லை. வாத்தியார் கூடத்துச் சாய்வு நாற்காலியில் கைலியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, வயிற்றின் மேல் கை கோத்துக் கண்மூடிக் கிடந்தார். மகன் அல்போன்ஸ் ஜன்னலுக்குக் கீழே பாயில் படுத்தபடி, ராத்திரியே வைத்த சுக்குக் கஷாயத் தம்ளரைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தான். காலேஜில் படிக்கிற பிள்ளை, ஒரு தம்ளர் கஷாயத்துக்குப் பயந்து செத்தான். மூத்தவள் மர்சலின் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் கல்கல் பலகார டின்னை மடியில் வைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தபடியே ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

யுத்தம் முடிந்து வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. அரிசியும் சர்க்கரையும் இன்னும் ரேஷனில்தான் என்றாலும் சாந்தோமில் அந்த வருஷம் யாரும் பயந்து பயந்து சமைக்கவில்லை. நடுராத்திரிப் பூசை முடிந்து வந்ததும் கேக்கும் காப்பியும். படுத்து எழுந்தால் வாத்துக் கறி. மறுபடி படுத்து எழுந்தால் ராயப்பேட்டையில் டோரதியம்மாளின் அண்ணன் வீட்டு விருந்து, அங்கே பக்கத்து வீட்டு ஷரஃபுதீன் சாயபு அனுப்பிவைத்த பிரியாணி வேறு. அப்புறம் கிண்டியில் அத்தை பேரனுக்கு ஞானஸ்நானம், அதற்கொரு விருந்து. சாப்பிட்டது, தூங்கியது, ஜட்காவில் ஏறியது, இறங்கி மறுபடி சாப்பிட்டது எல்லாம் ஒன்றாகக் குழைந்துபோய், எது எந்தக் கிழமையில் நடந்தது என்று கேட்டால் அந்த வீட்டில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய நாள்காட்டியில் இருபத்து நாலாம் தேதியே இன்னும் கிழிபடாமல் இருந்தது. வாத்தியார் பத்திரிகை படிப்பது பள்ளிக்கூடத்தில், பள்ளிக்கூடம் லீவு. தினமும் ஆறு மணிப் பூசைக்குப் போகிறவர், வயிறு கனத்துப் போனதால் அன்றைக்கு அதற்கும் போகவில்லை.

அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் முடிகிற இடம் ஒன்று உண்டு. அதற்கு ஜாடி வழிக்கிறது என்று பெயர். பண்டிகைக்கு முன்பே டோரதியம்மாள் பன்றிக்கறியை மிளகாயும் பூண்டும் காடியும் அரைத்துப் போட்டு விந்தாலு செய்து, பீங்கான் ஜாடியில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுவாள். விந்தாலுவுக்கு நாளாக நாளாகத்தான் ருசி. வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போகிற இடம், வருகிற ஆட்கள் எல்லாம் ஓய்ந்து, வீட்டு மனுஷர்கள் மட்டும் மிஞ்சுகிற நாளில் ஜாடியைக் கீழே இறக்கி, அடியில் இருக்கிற கறியோடு சுடு சோற்றை அதற்குள்ளேயே கொட்டிப் பிரட்டி, அவள் கையால் உருண்டை உருண்டையாக எடுத்துக் கொடுப்பாள். கிணற்றடிப் பக்கம் தரையில் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். தட்டு கிடையாது, இலை கிடையாது, வரிசை மரியாதை எதுவும் கிடையாது.

மர்சலினுக்கு வருஷத்தில் பிடித்த நாள் அதுதான். கறிக்காக இல்லை. அன்றைக்கு ஒரு நாள்தான் அப்பா கோபப்பட மாட்டார். ராஜநாயகம் கெட்டவர் இல்லை. ஊரில் கேட்டால் தங்கமான மனுஷர் என்பார்கள். வீட்டில் அவருக்குத் தப்பு என்றால் ஆகாது. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரு பாடம் நடக்கும்: கவனம் என்றால் என்ன, பொறுப்பு என்றால் என்ன. அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நிற்பாள். அவர் வாயில் முதல் கவளம் இறங்கும்வரை அம்மா மூச்சை விடுவதில்லை என்பதை மர்சலின் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கே அந்தப் பழக்கம் வந்திருந்தது. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் நாற்பது பெண்களை ஒரு பார்வையில் அடக்குகிறவள், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பாள். இன்னொரு வீட்டுக்குப் போய் இன்னொரு முகத்தை இப்படிப் பார்த்துக்கொண்டே கிழவியாக அவளுக்கு மனசில்லை. அதனால்தான் இருபத்தாறு வயதாகியும் வந்த வரன்களைத் தட்டிக்கொண்டே இருந்தாள். காரணம் கேட்டவர்களிடம் காரணத்தைச் சொல்லவும் முடியவில்லை.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருந்தது. லஸ் பக்கத்தில் வீடு, லியோனார்ட் என்று பெயர், தந்தி ஆபீசில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்த அம்மாள் தினப்பூசை, தினச் செபமாலை, வருஷத்தில் பாதி நாள் ஒருசந்தி நோன்பு என்று கேட்டதுமே வாத்தியார் பாதி சம்மதித்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அன்றைக்கே பதிலும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னோட்டமாக, பண்டிகைக்கு முதல் நாள் டோரதியம்மாள் ஒரு பித்தளைத் தட்டில் பலகாரம் அடுக்கி, பூ வேலை செய்த துணி மூடி, லஸ்ஸுக்கு அனுப்பியிருந்தாள்.

"நம்ம தட்டு போறது மரியாத. அவங்க அதுல எதையாவது வெச்சுத் திருப்பி அனுப்புறதும் மரியாதைதான். அதுக்கெல்லாம் அர்த்தம் கெடையாது" என்று அவள் மர்சலினிடம் சொன்னாள். "அதே தட்டு நம்ம வீட்டுலேருந்து மறுபடி கெளம்பிப் போச்சுன்னா அப்பதான் அர்த்தம். பொண்ணு வீட்டுக்கு இஷ்டம்னு. எங்கம்மா மூணு மாசம் யோசிச்சுதான் அனுப்பினாங்க."

"நீ யோசிச்சியா?" என்று மர்சலின் கேட்டாள்.

"என்னைய யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு அம்மா மாவு சலிக்கப் போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்குச் சோறு கொதித்தது. டோரதியம்மாள் முக்காலி போட்டு ஏறி ஜாடியின் மேல் கை வைத்தவள், அப்படியே நின்று கூடத்துப் பக்கம் குரல் கொடுத்தாள். "என்னாங்க, இன்னிக்கி என்ன கெழம? வெள்ளி இல்லியே?"

அது அவள் எப்போதும் கேட்கிற கேள்வி. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி கூடாது. சாந்தோமில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். ராஜநாயகம் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர். அவர் கண்ணைத் திறக்காமலே, "வியாழன்" என்றார். ஞானோபதேச வாத்தியார் வியாழன் என்றால் வியாழன்தான். ஜாடி இறங்கியது.

துணியை அவிழ்த்ததும் காடியும் பூண்டும் கலந்து எழுந்த வாசனைக்கு அல்போன்ஸ் கஷாயம் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டான். நாலு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்தார்கள். வாத்தியார் சட்டையில்லாமல், சிலுவை கோத்த கறுப்புக் கயிறு மார்பில் தொங்க, சம்மணம் போட்டு முதல் ஆளாகக் கையை நீட்டினார். "அடியில கெடக்குற கொழுப்புத் துண்டு எனக்கு. வயசுல பெரியவன் நான்" என்றார். "பெரியவங்களுக்குக் கொழுப்பு ஆகாதுப்பா" என்றான் அல்போன்ஸ். அவர் சிரித்தார். டோரதியம்மாள் அந்தச் சிரிப்பை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஜாடிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பிரட்டினாள். ஒரு சுற்று கொடுத்து முடித்து, இரண்டாவது சுற்றுக்கு எல்லாரும் கையை நீட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் வெளியே சைக்கிள் மணி கேட்டது. பக்கவாட்டுச் சந்து வழியாக ஒரு ஆள் நேராகக் கிணற்றடிக்கே வந்து நின்றான். உயரமாக, வெயிலில் கறுத்து, இரண்டு கையிலும் பூத்துணி மூடிய பித்தளைத் தட்டோடு.

"முன் கதவத் தட்டினேன். யாரும் வரல" என்றான். "அம்மாவுக்கு ஜலதோஷம். அதான் நானே தட்டக் குடுத்துட்டுப் போலாம்னு... நான் லியோனார்ட்."

வாத்தியார் கைலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். ஒரு கை முழுக்க எண்ணெயாக இருந்ததால் முடியவில்லை. டோரதியம்மாள் ஜாடிக்குள் விட்ட கையை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விட்டபடியே இருந்தாள். மர்சலினுக்குத் தான் கட்டியிருந்த புடவை நினைவுக்கு வந்தது. மஞ்சள் கறை படிந்து, முந்தானையில் ஒட்டுப் போட்ட பழம்புடவை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று மடித்து வைத்திருந்த நீலப் புடவை உள்ளே பெட்டியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வாயில் வேறு சோறு. விழுங்கவும் முடியவில்லை.

"எந்திரிக்காதீங்க மாஸ்டர், சாப்பிடுங்க" என்று சொல்லி அவன் தட்டைக் கிணற்றுச் சுவரின் மேல் வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அல்போன்ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

டோரதியம்மாளுக்குப் பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் தாங்கள் மட்டும் சாப்பிடுவதா என்று, அடியில் கிடந்த பெரிய கொழுப்புத் துண்டை வைத்துச் சோற்றை உருட்டி அவன் பக்கம் நீட்டிவிட்டாள். லியோனார்ட் கையை நீட்டவில்லை. அந்த உருண்டையைப் பார்த்தான். பிறகு வாத்தியாரின் வாயோரத்து எண்ணெயை, அல்போன்ஸின் கையை, மர்சலினின் புடைத்த கன்னத்தை, ஒவ்வொருவராகப் பார்த்தான். எங்கள் கோலத்தைப் பார்த்து அருவருக்கிறான் என்று மர்சலின் நினைத்தாள். கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிற வீடு என்று போய்ச் சொல்வான். போகட்டும், மூன்றாவதும் தட்டிப் போயிற்று, நீலப் புடவை மடிப்புக் கலையாமல் மிச்சம்.

"சும்மா வாங்கிக்கங்க தம்பி. எங்க வீட்டு விந்தாலு. இந்த ருசி கிறிஸ்துமஸ் அன்னிக்கே சாப்பிடுறவங்களுக்குக் கெடைக்காது" என்றார் வாத்தியார்.

அவன் சிலுவை வரைந்துகொண்டான். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கி, நிதானமாக, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான். "எங்க வீட்ல ரெண்டாம் நாளே தீந்துடும். இவ்வளவு நாள் வெச்சா இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றான். டோரதியம்மாள் முகம் மலர்ந்து இன்னொன்று உருட்டினாள். அவன் போதும் என்று சொல்லவில்லை. வாத்தியாருக்கு அவனை அப்போதே பிடித்துப்போயிற்று. அஸ்ஸாம் பக்கம் யுத்தத்தில் வயர்லெஸ் இலாகாவில் இருந்ததைப் பற்றிக் கேட்டார். அங்கே டின்னில் அடைத்த கறியை மூன்று வருஷம் தின்றதை அவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

கை கழுவ அவன் எழுந்து வாளிப் பக்கம் போனபோது, டோரதியம்மாள் மர்சலினைக் கண்ணால் விரட்டினாள். மர்சலின் வாளியிலிருந்து செம்பில் மொண்டு ஊற்றினாள்.

"ஞாயித்துக்கெழம உங்களாண்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள் மெதுவாக. "இப்பவே கேட்டுடறேன். உங்களுக்குக் கோவம் வருமா?"

அவன் கையைத் தேய்ப்பதை நிறுத்தினான். "வரும். வராதுன்னு சொன்னா நம்புவீங்களா?"

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"சைக்கிள எடுத்துகிட்டு பீச்சுக்குப் போயிடுவேன். பசிச்சா திரும்பி வந்துடுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. வாயால் இதைச் சொல்லாத ஆண்பிள்ளை யார்? அப்பாவிடம் கேட்டால் அவரும் தன் கோபத்தால் யாருக்கும் கஷ்டமில்லை என்றுதான் சொல்வார், உண்மையாகவே நம்பிக்கொண்டு. பதில் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும். ஒரு மனுஷனை இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் எப்படித் தெரிந்துகொள்வது? அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ராத்திரி டூட்டி, ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும், கொஞ்சம் தூங்க வேண்டும் என்று சொல்லி விடைபெற்றுப் போனான். போகும்போது அவளைப் பார்த்து, "இன்னிக்கி வந்ததே நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கெழமன்னா எல்லாரும் கேக்கு மாதிரி அலங்காரம் பண்ணிகிட்டு உக்காந்திருப்பீங்க" என்றான்.

அவன் போனதும் டோரதியம்மாள் தட்டின் துணியைத் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் அச்சு முறுக்கு, நடுவில் வட்ட வட்டமாக மீன் கட்லெட். "இதென்ன, பண்டிகத் தட்டுல மீனு?" என்றாள். "அவங்க வீட்டு வழக்கமா இருக்கும். ராத்திரிக்கு ஆச்சு, மூடி வை" என்றார் வாத்தியார். அப்படியே போய்ச் சாய்வு நாற்காலியில் விழுந்தார். வீடு முழுக்கத் தூங்கியது.

நாலு மணிக்கு மீன்காரி ரத்னா வாசலில் கூடையை இறக்கிவைத்த சத்தத்தில்தான் எல்லாரும் எழுந்தார்கள். அவள் வாரத்தில் ஒரே நாள்தான் அந்தத் தெருவில் வீடு தவறாமல் நிற்பாள். மற்ற நாளெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டே போய்விடுவாள்.

"காத்தாலேர்ந்து அலை சாஸ்தி, கட்டுமரமே போவல. இப்பதான் சரக்கு வந்துச்சு, அதான் லேட்டு" என்று சும்மாட்டை உதறிக்கொண்டே வந்தவள், மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாள். "இன்னாமா இது? வெள்ளிக்கெயம அதுவுமா வூடு பூரா பன்னிக்கறி வாசன தூக்குது? மீனு வாணாமா ஒனுக்கு?"

டோரதியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கி வியாழன்டி ரத்னா."

"நல்லா கீதே! வெள்ளிக்கெயம இல்லாட்டி நான் இன்னாத்துக்கு இந்த வெயில்ல கூடயத் தூக்கிக்கினு வரேன்? சாமியார் பங்களாவுக்கே மீனு குட்த்துட்டு வரேன், போய்க் கேளு."

அல்போன்ஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பூசை திங்கள் ராத்திரி. பண்டிகை செவ்வாய். ராயப்பேட்டை புதன். கிண்டி நேற்று. மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, வெள்ளிதான்" என்றான்.

வாத்தியார் எழுந்து நின்றார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு எழும்பியது. மர்சலினுக்கு அந்த முகம் தெரியும். இந்த வருஷம் ஜாடி வழித்த நாளும் போயிற்று என்று அவளுக்குத் துக்கமாக வந்தது. "முப்பது வருஷமா இந்த வீட்ல..." என்று ஆரம்பித்தார். "முப்பது வருஷமா வெள்ளிக்கெழம ஒரு துண்டு கறி உள்ள வந்ததில்ல. பொம்பள ஒருத்தி வீட்ல இருக்கா எதுக்கு? நாள் கெழம பாக்கத் தெரியாதா உனக்கு? வெளியில தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுப் புள்ளைங்களுக்கு ஞானோபதேசம் சொல்லுவேன்?"

டோரதியம்மாள் வழக்கம்போல் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்து, "உங்களக் கேட்டுட்டுத்தாங்க ஜாடிய எறக்கினேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. வாசலில் ரத்னா ஈ விரட்டுவதைக்கூட நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியாரின் கோபத்துக்கு எங்காவது போக வேண்டுமே. அது லியோனார்ட் மேல் திரும்பியது.

"அந்தப் பையன்! அவனுக்கும் தெரியலியே. தெனப்பூசக் குடும்பமாம்! தெரியாம சாப்பிட்டான்னா கெழமகூடத் தெரியாத அஞ்ஞானி. தெரிஞ்சு சாப்பிட்டான்னா அத விட மோசம். பட்டாளத்துல போய்ப் பழகிட்டான். அல்போன்ஸு, சட்டயப் போடு. ஞாயித்துக்கெழம வர வேணாம்னு போய்ச் சொல்லிட்டு வா."

அல்போன்ஸ் அக்காவைப் பார்த்தான். மர்சலின் உள்ளே போனாள். சமையலறை மேடையில் அந்தத் தட்டு மூடியபடி இருந்தது. துணியைத் தூக்கினாள். அந்த அம்மாள் ஜலதோஷத்தோடு எழுந்து உட்கார்ந்து, முள் எடுத்து, பிசைந்து, பொரித்து அனுப்பிய மீன் கட்லெட். வெள்ளிக்கிழமை என்பதற்காகவே மீன். இதைச் சுமந்துகொண்டு ஒரு மைல் சைக்கிள் மிதித்து வந்தவனுக்கு என்ன கிழமை என்று தெரியாமலா இருந்திருக்கும்? அவன் கையை நீட்டாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது அவள் நினைவுக்கு வந்தது. அருவருப்பு என்று தான் நினைத்தது அருவருப்பே இல்லை. தட்டை எடுத்துவந்து அப்பாவின் முன்னால் முக்காலியில் வைத்தாள்.

"அவருக்குத் தெரியும்பா" என்றாள். "இதப் பாருங்க."

வாத்தியார் பார்த்தார். "அப்ப வேணும்னே சாப்பிட்டிருக்கான்."

"ஆமா. ஒண்ணு சாவான பாவம் ஆகணும்னா என்னென்ன வேணும்பா? நீங்கதானே சொல்லித் தருவீங்க."

இருபத்தைந்து வருஷப் பழக்கம் அவரை மீறி வாயைத் திறந்தது. "கனமான காரியம். முழு அறிவு. முழு சம்மதம்."

"வெள்ளிக்கெழமன்னு நமக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இன்னிக்கி இந்த வீட்ல பாவம் பண்ணினது யாரு?"

வாத்தியார் தளர்ந்த கைலியை இறுக்கிக் கட்டினார்.

"நம்ம எல்லாரும் வாயில வெச்சப்புறம்தான் அவரு வந்தாரு" என்றாள் மர்சலின். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறோம் என்பதே அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. "வயிறு சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு அவரு மட்டும் சுத்தமா எந்திரிச்சுப் போயிருக்கலாம். நாளைக்கி நமக்குத் தெரியறப்ப, நாம திங்கறத ஒரு ஆளு கைய கட்டிகிட்டுப் பாத்துகிட்டு இருந்தான்னு தோணும். அது வேணாம்னுதான் கூட உக்காந்து சாப்பிட்டாரு."

"சொல்லியிருக்கணும்" என்றார் வாத்தியார். குரல் இறங்கியிருந்தது. "மாஸ்டர், இன்னிக்கி வெள்ளின்னு ஒரு வார்த்த."

"சொல்லியிருந்தா, அவரு முன்னாலயே நீங்க அம்மாவ என்ன சொல்லியிருப்பீங்க?"

வாத்தியார் டோரதியம்மாளைப் பார்த்தார். அவள் இன்னும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில்தான் நின்றாள். ஏதோ இத்தனை வருஷமாக அவள் அங்கேயே நின்றுகொண்டிருப்பதை இப்போதுதான் பார்ப்பவர்போல் அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல், முன்னாலிருந்த கட்லெட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு பத்தல" என்றார். சொல்லிவிட்டு அவசரமாக, "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்றும் சொன்னார். டோரதியம்மாளுக்கு முதலில் உதடு துடித்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாலும் அது நிற்கவில்லை. அல்போன்ஸும் சேர்ந்துகொண்டான். "நீ கேட்டப்ப நான் கண்ணத் தொறந்து ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும் டோரதி" என்று வாத்தியார் தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் அதுவரை யாரும் கேட்டதில்லை. மர்சலினுக்குக் கண் நிறைந்துவிட்டது; திரும்பிக்கொண்டாள்.

"ஏம்மா, மீனு வாங்குறியா இன்னா?" என்று வாசலிலிருந்து ரத்னா கேட்டாள். "உங்க சண்ட தீர்றதுக்குள்ள என் சங்கராவுக்கு உசுரு வந்து கடலுக்கே பூடும்போல கீது."

"இரு, வரேன்" என்று மர்சலின் போனாள். குனிந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒரே அளவாக எட்டு மீன் பொறுக்கினாள். எப்போதும் அம்மா பொறுக்க, தான் கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கிறவள். டோரதியம்மாள் அம்மியில் மிளகாய் வைத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். காலையில் தாளிக்கவே மாட்டேன் என்ற வீட்டில் அடுப்பு எரிந்தது. மர்சலின் ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே சிவப்பாக வரும்வரை நின்றாள். பிறகு பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து, வாழையிலை விரித்து, மீன்களை அடுக்கி, பூத்துணியை எடுத்தாள்.

"தட்டு போகுதா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"போகட்டும்மா."

"ஞாயித்துக்கெழமக்கி இன்னும் ரெண்டு நாள் இருக்குடி. யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சு" என்றாள் மர்சலின். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இது வேறு பயம். கடலில் முதல் அலை காலில் படும்போது வருகிற பயம். "அவரு ஏழு மணிக்கு டூட்டிக்குப் போகணும். அதுக்குள்ள சேரணும். அல்போன்ஸக் கூப்பிடு."

அல்போன்ஸ் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் உள் அறையிலிருந்து வந்தார். பூசைக்குப் போகிற வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்டு, தலை வாரியிருந்தார். "அவன் வேணாம். ஆட்டிகிட்டே போவான். இங்க குடு" என்றார். டோரதியம்மாள் தட்டைக் கொடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் தெருவில் ஒரு குடையைத் தவிர எதையும் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை. காய்கறிப் பையைக்கூட ஆள் வைத்துத்தான் கொண்டுவருவார். "நாளைக்கி சனிக்கெழம, பாவசங்கீர்த்தனம் இருக்கு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "நமக்காக ஒரு பையன் வரிசையில நின்னு பாவத்தச் சொல்லப் போறான். அவன் ராத்திரிச் சாப்பாடாவது வெள்ளிக்கெழமச் சாப்பாடா இருக்கட்டும்." பிறகு மர்சலினிடம், "என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அவர் அவளிடம் கேட்டதும் அதுவே முதல் தடவை.

"ஒண்ணும் சொல்ல வேணாம்பா. தட்டக் குடுத்தா அந்த அம்மாவுக்குப் புரியும்."

கோயிலில் ஆறு மணித் திரிகால மணி அடித்தது. வாத்தியார் தட்டோடு வாசலில் நின்று, கண்ணை மூடி அதற்கான செபத்தைச் சொல்லி முடித்துவிட்டுத் தெருவில் இறங்கினார். மர்சலின் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தெருவின் அந்தக் கோடியில் மார்கழிக் கோலங்கள் வாசலுக்கு வாசல் பெரிது பெரிதாகக் கிடந்தன. நடுவில் வைத்த பூசணிப் பூக்கள் வாடித் தொங்கினாலும் மாவு இன்னும் வெள்ளையாகவே இருந்தது. வழக்கமாக நடுத்தெருவில் யாருக்கும் வழிவிடாமல் நடக்கிறவர், ஒவ்வொரு கோலத்துக்கும் ஒதுங்கி, ஒதுங்கி, வளைந்து போனார். மீன் இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும்; தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். கடல் காற்று வந்து பூத்துணியின் ஓரத்தைத் தூக்கியது. அவர் நடுத்தெருவில் நின்றார். தட்டை மார்போடு அணைத்து, துணி பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, லஸ் பக்கம் திரும்பி மறுபடி நடக்க ஆரம்பித்தார்.